பனிச்சரிவுக்கேற்ற கால்சட்டை: வெம்மையும் உலர்வும்

ஜனவரி மாதத்தில் காஷ்மீரத்தின் குல்மார்க் புல்வெளி முழுவதும் வெண்பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். சமவெளிப் பகுதிகளிலிருந்து பனிச்சறுக்குப் பயிற்சிக்காக அங்குச் செல்லும் மாணவர்கள் கம்பளிச் சட்டை, தொப்பி, கையுறை ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்கின்றனர். ஆயின் இடுப்புக்குக் கீழே அணிவதற்கு வழக்கமான ஜீன்ஸ் கால்சட்டையே போதுமென்று எண்ணிவிடுவோர் பலர். பயிற்சி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திற்குள் புதிய மாணவன் பலமுறை விழுந்து எழுகிறான். துணியில் ஒட்டிய பனித்துகள் உடற்சூட்டில் உருகுகிறது. நண்பகலுக்குள் கால்சட்டை நனைந்துவிடுகிறது. பிற்பகலில் மேகம் மூடிக் காற்றெழுந்ததும் அதே துணி விறைத்துப் பலகை போலாகிறது. அப்போது உண்டாகும் நடுக்கத்துக்குக் காற்றின் குளிர் மட்டும் காரணமன்று, ஈரமே முதற்காரணம்.

மனித உடலின் மேற்பரப்பில் கால்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 36 சதவீதமாகும். இத்துணைப் பெரிய பரப்பைச் சரிவரக் காக்காமல் மார்பையும் தலையையும் மட்டும் மூடிக்கொள்வது, சுவர்களைத் தடிமனாக எழுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். எனவே பனிச்சரிவுக்குரிய கால்சட்டையைத் தேர்ந்தெடுப்பது நாகரிகத்தைப் பற்றிய விஷயமன்று. வெப்பத்தையும் நீராவியையும் பற்றிய எளிய பௌதிக விதிகளைப் பயன்படுத்தும் விஷயமாகும். மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், குளிர்காலத்தில் உயரமான இடங்களில் பணிபுரியும் ஊழியர்களும் இவ்விதிகளை அறிந்திருத்தல் அவசியம்.

உடல் வெப்பத்தை இழக்கும் விதம்

ஓய்வாக அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதனின் உடல் சுமார் 100 வாட் அளவில் வெப்பத்தை உண்டாக்குகிறது. கடினமாக உழைக்கும்போது இது ஐந்து மடங்குக்கு மேலும் உயரக்கூடும். இவ்வெப்பம் நான்கு வழிகளில் வெளியேறுகிறது. குளிர்ந்த பொருளைத் தொடுவதால் கடத்தல் மூலமும், உடலைச் சுற்றிய காற்று நகர்வதால் சலனம் மூலமும், கதிர்வீசல் மூலமும், வியர்வையோ வேறு ஈரமோ ஆவியாவதன் மூலமும் உடல் வெப்பத்தை இழக்கின்றது.

உடை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலருகே காற்றை அசையாமல் நிறுத்தி வைப்பதே உடையின் பணி. அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் அதைப்போல் ஏறத்தாழ 25 மடங்காகும். துணியின் இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், அந்த உடை காப்பாக இருப்பதற்கு மாறாக வெப்பத்தை வெளியே கொண்டு செல்லும் பாதையாகிவிடுகிறது.

ஆவியாதலால் நேரும் இழப்பு இதனினும் பெரிது. ஒரு கிராம் நீர் தோலின் உஷ்ணநிலையில் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. நனைந்த கால்சட்டையிலிருந்து 150 கிராம் நீர் ஆவியாக வேண்டுமாயின் ஏறத்தாழ 87,000 கலோரி செலவாகும். ஓய்விலிருக்கும் உடல் ஒரு மணி நேரம் முழுவதும் உண்டாக்கும் வெப்பமே ஏறத்தாழ இவ்வளவுதான். 150 கிராம் என்பது ஒரு சிறு கோப்பை நீர். நனைந்த ஜீன்ஸ் துணி இதைவிடப் பன்மடங்கு நீரைத் தாங்கி நிற்கக்கூடும் என்பதை நினைவிற் கொண்டால், மாணவனின் நடுக்கத்துக்குக் காரணம் விளங்கும்.

காற்றின் வேகமும் கணக்கில் வரவேண்டியதாகும். உஷ்ணநிலை மைனஸ் 10 டிகிரி சென்டிகிரேடாக இருக்கையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த முகத்தில் உணரப்படும் குளிர் மைனஸ் 20 டிகிரிக்குச் சமமாகிறது. காற்றே வீசாத நாளிலும், சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவர் அதே வேகமுள்ள எதிர்காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். காற்றுப் புகக்கூடிய கம்பளிக் கால்சட்டை எத்துணைத் தடித்திருப்பினும், அதனுள் தங்கிய வெதுவெதுப்பான காற்றை இவ்வெதிர்காற்று வெளியே தள்ளிவிடும். ஆகவே காற்றைத் தடுக்கும் வெளியுறை ஒன்று இன்றியமையாதது.

பனிப்பலகை ஓட்டுவோரின் தனித்தேவை

இரு நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிச் செல்லும் பனிச்சறுக்கு மிகப் பழமையானது. ஸ்னோபோர்டு எனப்படும் ஒற்றைப் பனிப்பலகையோ அண்மைக் காலத்தது. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் குழந்தைகளுக்காக இரு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்த விளையாட்டுப் பலகையே இதன் முன்னோடிகளுள் ஒன்று. 1998-ஆம் ஆண்டு ஜப்பானின் நாகானோ நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் இது முதன்முறையாக இடம்பெற்றது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் பனிப் போட்டிகளுக்குக் குல்மார்க் களமாக இருந்து வருகிறது.

சறுக்குக் கட்டையில் செல்பவர் பெரும்பாலும் நின்றபடியே இருப்பார். பனிப்பலகை ஓட்டுபவரோ ஒவ்வொரு முறை மேலே சென்றதும் பனியில் அமர்ந்து தம் பூட்ஸுகளைப் பலகையின் வார்களில் பூட்டிக்கொள்வது வழக்கம். இரு கால்களும் ஒரே பலகையில் பிணைக்கப்பட்டிருப்பதால் நிலை தவறும்போது பின்புறமாக விழுந்தால் இருக்கையும், முன்புறமாக விழுந்தால் முழங்கால்களும் பனியில் அழுந்துகின்றன. பயிற்சி பெறுவோர் நாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தும் மண்டியிட்டும் கழிக்கின்றனர்.

இவ்வழுத்தத்தின் அளவை எளிதிற் கணக்கிடலாம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 700 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அமர்ந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் எடை அழுத்துகிறது. இது 1,000 மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். அவரே இரு முழங்கால்களையும் 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஊன்றினால் அழுத்தம் 7,000 மில்லிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமமாக உயரும். ஒரே முழங்காலை 50 சதுர சென்டிமீட்டரில் ஊன்றி முழு எடையையும் தாங்கினால் அது 14,000 மில்லிமீட்டராகும். மழைச்சாரலைத் தாங்கும் சாதாரண மழைக்கோட்டுத் துணி, மண்டியிட்டவுடன் நீரை உள்ளே விட்டுவிடுவதன் காரணம் இதுவே.

மூன்று அடுக்குகள்

குளிருக்கு ஒரே தடித்த உடையைக் காட்டிலும் மெல்லிய பல அடுக்குகள் சிறந்தவை என்பது இப்போது எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனம் உருவாக்கி, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐந்து இந்தியக் கம்பெனிகளுக்கு அளித்த கடுங்குளிர் உடைத் தொழில்நுட்பமும் மூன்றடுக்கு முறையையே தழுவியது. அடுக்குகளை மாற்றியமைப்பதன் மூலமும் உழைப்பின் அளவைப் பொறுத்தும் 15 டிகிரி முதல் மைனஸ் 50 டிகிரி வரை அதைப் பயன்படுத்தக்கூடியவாறு அது வகுக்கப்பட்டுள்ளது.

முதல் அடுக்கு தோலை ஒட்டியிருப்பது. கடைகளில் ‘தெர்மல்’ என்று வழங்கும் நீண்ட உட்கால்சட்டை இவ்வகையைச் சேர்ந்தது. வியர்வையைத் தோலிலிருந்து உறிஞ்சி வெளிப்புறமாகக் கடத்துவது இதன் தொழில். இதற்குப் பருத்தி ஏற்றதன்று. சமவெளியின் கோடையில் பருத்தி நலம் பயப்பதற்குக் காரணமான அதே குணம் பனியில் தீமையாகிறது: அது நீரை இழைக்குள் ஏற்று நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும், ஈரமானதும் உடலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை ஏற்றும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றுவதில்லை. ஈரத்தை ஏற்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடுகிறது. பாலியெஸ்டர் இழை நீரை ஏறத்தாழ ஏற்பதேயில்லை. இழைகளுக்கிடையே தங்கும் ஈரமும் விரைவில் உலர்ந்துவிடுகிறது. ஆகவே மென்கம்பளி, பாலியெஸ்டர் இரண்டில் ஒன்றே உட்கால்சட்டைக்குத் தகும்.

இரண்டாம் அடுக்கு வெம்மைக்குரியது. ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற பாலியெஸ்டர் துணியாலான கால்சட்டையோ, வெளிக் கால்சட்டையின் உட்புறத்திலேயே வைத்துத் தைக்கப்பட்ட இழைத் திணிப்போ இப்பணியைச் செய்யும். திணிப்பின் அளவு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்பெறும். கால்சட்டைகளில் 40 முதல் 80 கிராம் வரையுள்ள திணிப்பு சாதாரணமாகக் காணப்படுவது. பறவையின் மென்தூவி எடைக்கு எடை மிக்க வெம்மை தருவதாயினும், நனைந்ததும் உப்பலை இழந்து பயனற்றுப்போகும். அடிக்கடி பனியில் அமர வேண்டிய பனிப்பலகைப் பயிற்சிக்குப் பாலியெஸ்டர் திணிப்பே ஏற்றது.

மூன்றாம் அடுக்கு வெளியுறை. காற்றையும் நீரையும் தடுத்து, உள்ளிருக்கும் நீராவியை மட்டும் வெளியே விடுவது அதன் கடமை.

வெம்மையின் அளவு இருந்தவாறே எப்போதும் தேவைப்படுவதில்லை. உடையின் காப்பை அளக்க 1941-ஆம் ஆண்டில் காகி, பர்ட்டன், பாசெட் என்னும் விஞ்ஞானிகள் ‘குளோ’ என்னும் அலகை வகுத்தனர். அமைதியான காற்றுள்ள 21 டிகிரி அறையில் ஓய்வாக அமர்ந்திருப்பவருக்கு இதமளிக்கும் உடையின் காப்பு ஒரு குளோ ஆகும். உடல் உண்டாக்கும் வெப்பம் நான்கு மடங்கானால், அதே குளிரில் தேவைப்படும் காப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். பலகையைத் தோளில் சுமந்து சரிவில் ஏறுபவருக்கு மெல்லிய உடையே போதுமாக இருப்பதும், அவரே உச்சியில் கால் மணி நேரம் காத்திருக்கையில் நடுங்குவதும் இதனாலேயே. அடுக்குகளைக் கழற்றவும் அணியவும் வாய்ப்பிருந்தால் இவ்விரு நிலைகளையும் சமாளிக்கலாம். திணிப்பு நிரந்தரமாகத் தைக்கப்பட்ட கால்சட்டையில் அவ்வாய்ப்பு இல்லை.

காஷ்மீரத்து மக்கள் அணியும் ‘பேரன்’ என்னும் நீண்ட தளர்ந்த அங்கியும் இவ்விதியையே தழுவியது. உடலுக்கும் துணிக்குமிடையே காற்றுக்கு இடம் விடுவதே அதன் வெம்மையின் இரகசியம்.

நீர்த்தடையைக் குறிக்கும் எண்

கால்சட்டையின் சீட்டில் 5,000, 10,000, 20,000 என்று எண்கள் காணப்படும். துணியின் மீது நீர்த்தம்பம் ஒன்றின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, துணியின் மறுபுறத்தில் மூன்று இடங்களில் நீர் கசியும்போது அத்தம்பத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பதே இவ்வெண். 10,000 என்பது பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தை, அதாவது ஏறத்தாழ மூன்று மாடிக் கட்டட உயரத்துக்கு நிற்கும் நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கியது என்று பொருள்படும்.

மேலே கண்ட கணக்கோடு இவ்வெண்களை ஒப்பிட்டால் தேர்வு எளிதாகும். உலர்ந்த குளிரில் பெரும்பாலும் நின்றபடி பணிபுரிபவருக்கு 5,000 போதும். பனிப்பலகைப் பயிற்சிக்கு 10,000-க்குக் குறைந்தது ஏற்றதன்று. பனி ஈரமாக இருக்கும் காலத்துக்கும், நாள் முழுவதும் மண்டியிட நேர்பவருக்கும் 15,000 முதல் 20,000 வரை வேண்டும். இச்சோதனை புதிய துணியில் நடைபெறுவது; துவைப்பாலும் உராய்வாலும் தடைத்திறன் குறையும் என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

துணி மட்டும் நீரைத் தடுத்தாற் போதாது. ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையும் நீருக்கு வாயிலாகும். எனவே தையல்களின் உட்புறத்தில் நீர்புகா நாடா ஒட்டப்படுகிறது. சில கால்சட்டைகளில் இருக்கை, முழங்கால் போன்ற முக்கிய தையல்களுக்கு மட்டும் நாடா உண்டு. உயர்ந்த வகையில் எல்லாத் தையல்களுக்கும் உண்டு. கால்சட்டையை உட்புறம் வெளிவரத் திருப்பிப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே அறியலாம்.

வியர்வை வெளியேற வழி

நீரை முற்றிலும் தடுக்கும் ரப்பர்த் துணி நீராவியையும் தடுத்துவிடும். அதை அணிந்து மேடேறுபவர் வெளியிலிருந்து நனையாமல் உள்ளிருந்தே நனைவார். இச்சிக்கலைத் தீர்த்தவை நுண்துளைச் சவ்வுகள். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர், பி.டி.எஃப்.இ. என்னும் பிளாஸ்டிக்கை விரைந்து இழுத்து விரித்தால் அதில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாவதைக் கண்டறிந்தார். இத்துளைகள் நீர்த்துளி புக முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவியின் மூலக்கூறு செல்வதற்குப் போதிய அளவு பெரியவை. கோர்-டெக்ஸ் என்ற பெயரில் வழங்கும் துணியின் அடிப்படை இதுவே. பாலியூரிதேன் பூசிய துணிகள் விலை குறைந்தவை. அவற்றுள் பலவற்றில் நீராவி பூச்சின் மூலக்கூறுகளிடையே ஊடுருவி வெளியேறுகிறது.

ஒரு சதுர மீட்டர் துணியின் வழியே 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் நீராவி செல்லும் என்பது சீட்டிலுள்ள இரண்டாவது எண். இயந்திரத் தொட்டிலில் மேலே சென்று கீழே சறுக்கி வருபவருக்கு 5,000 முதல் 10,000 வரை போதும். தாமே நடந்து ஏறுபவருக்கு 15,000-க்கு மேல் வேண்டும். எனினும் இவ்வெண்ணைப் பெறுவதற்குப் பல சோதனை முறைகள் உள்ளன. ஒரு முறையில் பெற்ற எண்ணை மற்றொரு முறையில் பெற்றதோடு ஒப்பிடுதல் கூடாது.

சவ்வின் வழியே நீராவியைத் தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்குமுள்ள ஆவியழுத்த வேறுபாடே. கடுங்குளிரில் வெளியுறையின் உட்புறம் மிகக் குளிர்ந்திருப்பதால், நீராவி சவ்வை அடையுமுன்பே அங்குப் படிந்து நீராகவோ உறைபனியாகவோ மாறிவிடக்கூடும். எனவே சவ்வை மட்டும் நம்பாமல், தொடையின் பக்கத்தில் ஜிப் வைத்த காற்றுத் திறப்புள்ள கால்சட்டையைத் தேர்ந்தெடுப்பது நன்று. ஏறும்போது அதைத் திறந்தும் இறங்குமுன் மூடியும் வைக்கலாம். வியர்த்த பின் திறப்பதைவிட வியர்க்குமுன் திறப்பதே முறை.

இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ற தேர்வு

காஷ்மீரத்தில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் ‘சில்லே கலான்’ எனப்படும் கடுங்குளிர்க் காலமாகும். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள் அப்போது மலைகளில் வெண்பனியைப் பொழிகின்றன. இப்பனி உலர்ந்தது, மாவுபோல் உதிர்வது, கையால் பிடித்தாலும் உருண்டையாகாது. இக்காலத்தில் வெம்மையும் காற்றுத்தடையும் முதன்மை பெறும். 10,000 மில்லிமீட்டர் நீர்த்தடையுள்ள, 60 முதல் 80 கிராம் திணிப்புள்ள கால்சட்டையோ, திணிப்பற்ற வெளியுறையுடன் ஃபிளீஸ் கால்சட்டையோ தகும். ஆழ்ந்த உதிர்பனியில் விழும்போது பனி இடுப்பின் வழியே உட்புகுவதால், மார்பு வரை உயர்ந்து தோள்வார்களால் தாங்கப்படும் கால்சட்டை நல்ல பயன் தரும்.

மார்ச் மாதத்தில் நிலைமை மாறுகிறது. பகலில் வெயில் ஏற ஏறப் பனி ஈரமாகிக் கனக்கிறது. காற்று அவ்வளவு குளிராயில்லாமையால் இக்காலத்தில் ஆபத்தில்லை என்று எண்ணுதல் தவறு. நனைவது இப்போதுதான் அதிகம். மெல்லிய உட்கால்சட்டையுடன், 15,000-க்கு மேற்பட்ட நீர்த்தடையும் முழுத் தையல் நாடாவும் காற்றுத் திறப்புகளும் உடைய திணிப்பற்ற வெளியுறையே ஏற்றது.

உயரத்தின் வேறுபாடும் கவனிக்கத்தக்கது. குல்மார்க் கடல் மட்டத்துக்குச் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பித் தொட்டில் அபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை செல்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரி 6.5 டிகிரி வீதம் உஷ்ணநிலை குறையுமாதலால், புல்வெளியில் மைனஸ் 4 டிகிரியாக இருக்கும்போது மேலே மைனஸ் 12 டிகிரிக்கும் கீழாகலாம். அத்துடன் முகட்டில் காற்றும் கடுமையாக வீசும். கீழே இதமாயிருந்த உடையை நம்பி மேலே செல்லுதல் கூடாது. உத்தராகண்டின் அவுலிச் சரிவுகள் சுமார் 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் அமைந்தவை. அங்கும் காலையிலும் மாலையிலும் ஒரு நிலையும், நண்பகலில் வேறொரு நிலையும் இருப்பதால் கழற்றக்கூடிய அடுக்குகளே சிறந்தவை.

அளவும் அமைப்பும்

கடையில் நின்றபடி அளவு பார்த்து வாங்கிய கால்சட்டை பனியில் பயன்படாமற் போகலாம். உட்கால்சட்டையை அணிந்து, அதன் மேல் இதை அணிந்து, முழுவதும் குந்தி அமர்ந்து பார்த்தல் வேண்டும். அப்போது முழங்காலிலும் தொடையிலும் துணி இறுக்கினால் உள்ளிருக்கும் காற்று நசுக்கப்பட்டு வெம்மை குறையும். இரத்த ஓட்டமும் தடைப்படும். முதுகின் கீழ்ப்பகுதி வெளித்தெரிந்தால் பனி அவ்வழியே நுழையும். மிகத் தளர்ந்து தரையில் இழுபடுவதும் நன்றன்று. பலகையின் கூரிய விளிம்பு அதைக் கிழித்துவிடும்.

கால்சட்டையின் அடிப்புறத்தில் பூட்ஸைச் சுற்றி இறுகும் இலாஸ்டிக் உட்பட்டை இருத்தல் அவசியம். இருக்கையிலும் முழங்காலிலும் இரட்டைத் துணியும், கணுக்காலின் உட்புறத்தில் உராய்வைத் தாங்கும் தடித்த துணியும் இருப்பது நலம். ஜிப்பின் பிடி கையுறையுடன் இழுக்கக்கூடிய அளவு பெரிதாயிருக்க வேண்டும். சில கால்சட்டைகளில் பனிச்சரிவில் புதைந்தோரைத் தேட உதவும் சிறு ரேடியோ எதிரொலிப்பான் தைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டறியத் தனிக் கருவி மீட்புக் குழுவிடம் இருந்தாலன்றிப் பயனில்லை. பனிச்சரிவு எச்சரிக்கைகளை மதித்து நடப்பதற்கு எந்த உடையும் ஈடாகாது.

பராமரிப்பு

புதிய வெளியுறையின் மீது நீர் முத்துப்போல் உருண்டோடும். துணியின் மேற்பரப்பில் இட்ட நீர்விலக்குப் பூச்சே இதற்குக் காரணம். அழுக்காலும் சோப்பின் எச்சத்தாலும் இப்பூச்சு மங்கினால் வெளித்துணி நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது சவ்வு நீரைத் தடுத்தாலும், மேலே படிந்த நீர்ப்படலத்தால் நீராவி வெளியேறுவது தடைப்பட்டு உட்புறம் ஈரமாகும். ‘கால்சட்டை ஒழுகுகிறது’ என்னும் முறையீடுகள் பலவற்றின் உண்மைக் காரணம் இதுவே. முன்னர் இப்பூச்சுகளில் ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் பெரிதும் பயன்பட்டன. அவை சுற்றுப்புறத்தில் சிதையாமல் நெடுங்காலம் தங்குவதால் இப்போது படிப்படியாக விலக்கப்பட்டு வருகின்றன. புதிய பூச்சுகளுக்குக் கவனமான துவைப்பும் அவ்வப்போது மறுபூச்சும் தேவைப்படும். துணியை மென்மையாக்கும் திரவங்களை உபயோகித்தல் கூடாது.

மலை விடுதிகளில் ‘புகாரி’ என்னும் விறகடுப்பைச் சுற்றி நனைந்த உடைகளைத் தொங்கவிடும் வழக்கமுண்டு. நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 டிகிரி வரையுள்ள உஷ்ணநிலையில் உருகுபவை; அடுப்பின் தகடு இவ்வளவு சூடாவது அரிதன்று. உருகிய இழை தோலில் ஒட்டினால் தீப்புண் ஆழமாகும். கனல் நிரம்பிய ‘காங்கிரி’யை இத்தகைய துணிகளின் அருகே வைத்துக்கொள்வதும் ஆபத்தாகும். சற்று எட்டத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்துதலே முறை.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனைகள்

பனியைக் கண்டிராத ஊரிலும் இவ்விதிகளை மாணவர்களுக்கு விளக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களில் 60 டிகிரி உஷ்ணமுள்ள நீரைச் சம அளவில் ஊற்றவும். முதலாவதை உலர்ந்த பருத்தித் துணியாலும், இரண்டாவதை நனைத்துப் பிழிந்த அதே துணியாலும், மூன்றாவதை நனைத்துப் பிழிந்த கம்பளித் துணியாலும் சுற்றி, மின்விசிறியின் முன் வைக்கவும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியைக் கொண்டு அளந்து வரைபடம் வரைந்தால், ஈரமும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை கண்கூடாகும். உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி மீண்டும் செய்தால் வெளியுறையின் பயனும் விளங்கும்.

மற்றொரு சோதனை: ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் குழாயின் அடியில் ஒரு துணியை இறுகக் கட்டி, மேலிருந்து நீரை ஊற்றி, எந்த உயரத்தில் நீர் கசிகிறது என்று பார்க்கவும். பள்ளிச் சீருடைத் துணி, குடைத்துணி, மழைக்கோட்டுத் துணி ஆகியவற்றை ஒப்பிடலாம். குழாய் முழுவதும் நிரம்பியும் கசியாத துணி 1,000 மில்லிமீட்டரைத் தாங்கியதாகும். பனிப்பலகை மாணவனின் முழங்காலுக்கு அதைப்போல் ஏழு மடங்கு தேவை என்று அப்போது சொன்னால், அவ்வெண் மாணவர் மனத்தில் நிலைத்து நிற்கும்.

ஆசிரியரின் பொறுப்பு

உடலின் உள் உஷ்ணநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது உயிருக்கு ஆபத்தானது. விடாத நடுக்கம், கை தடுமாறுதல், பேச்சுக் குழறல், எதிலும் நாட்டமின்றி ஒதுங்கி நிற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடும். ‘களைத்துவிட்டான்’ என்று கருதி விட்டுவிடப்படும் மாணவனே பெரும்பாலும் உதவி வேண்டி நிற்பவன். அத்தகையவனைக் காற்றில்லாத இடத்துக்குக் கொண்டு சென்று, நனைந்த கால்சட்டையை முதலில் அகற்றி, உலர்ந்த உடையும் போர்வையும் அளித்து, நினைவுடன் இருந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுத்து, தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும். மரத்து வெளுத்த தோலைப் பனியால் தேய்த்தல் அறவே கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சரிவுக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு மாணவனின் கால்சட்டையின் மீதும் சில துளி நீரைத் தெளித்து, அது உருண்டோடுகிறதா, ஊறுகிறதா என்று பார்த்தல். உள்ளே பருத்தி அணிந்திருக்கிறானா என்று கேட்டல். மாற்று உட்கால்சட்டை ஒன்று பையில் உள்ளதா என்று உறுதி செய்தல். இம்மூன்றுக்கும் ஒரு மாணவனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. விலையுயர்ந்த கால்சட்டை எல்லோருக்கும் கிட்டாமற் போகலாம். பயிற்சி நடைபெறும் இடங்களில் வாடகைக்கும் கிடைக்கின்றன. அவ்வாறு வாடகைக்கு எடுக்கும்போதும், நிறத்தைப் பார்க்குமுன் தையலின் நாடாவையும் முழங்காலின் தேய்மானத்தையும் பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர் கற்பித்துவிட்டால், அம்மாணவன் அடுத்த முறை தனியே மலைக்குச் செல்லும்போதும் உலர்ந்த கால்களுடன் திரும்புவான்.